பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தங்கையன்

என் பதவிக்கு ‘ஃபங்ஷனல் கன்சல்டன்ட்’ என்று பெயர். வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் அம்மா இதை, “எம்புள்ள ரெத்தினம் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிக் குடுக்குறான்” என்று விளக்கி வைத்திருக்கிறாள். இவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதா என்று மட்டும் அவள் கேட்பதில்லை. பெற்ற மனம்.

2011இல், ஆட்சி மாறி நான்கு மாதம் ஆகி, சுவர்களில் பழைய கட்சியின் எழுத்தைச் சுண்ணாம்பால் மறைத்துப் புதிய கட்சியின் எழுத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, கூத்தாநல்லூர் சாலையில் இருந்த ஒரு மாடர்ன் ரைஸ் மில்லுக்கு ஈ.ஆர்.பி. போட என்னை அனுப்பினார்கள். ஈ.ஆர்.பி. என்றால் பயப்பட வேண்டாம். அந்த மில்லில் நெல் வாங்குபவரிடம் ஒரு நோட்டு, எடை போடுபவரிடம் ஒரு நோட்டு, குடோனில் இன்னொன்று, நெல் அவிக்கிற இடத்தில் ஒரு கரும்பலகை, அரிசி விற்பவரிடம் அவருடைய ஞாபகசக்தி என்று தனித்தனியாக இருந்தன. இவை எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கோத்துவிட்டால், எடைமேடையில் லாரி ஏறின மாத்திரத்தில் குடோன் இருப்பு ஏறும், எத்தனை மூட்டை அவிக்கலாம் என்று அவிக்கிறவருக்குத் தெரியும், தவிடும் நொய்யும் எவ்வளவு மிஞ்சும் என்பதுகூட முதலாளியின் செல்போனுக்கு வந்துவிடும். எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்திருக்கும். குறைந்தபட்சம், எங்கள் விளம்பரத் தாளில் அப்படித்தான் போட்டிருந்தது.

முதலாளி லியாகத் அலி பாய், குவைத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு, அப்பாவின் மில்லை எடுத்து நடத்த வந்தவர். அங்கே பெரிய பெரிய கம்பெனிகளில் கிடங்கு வேலை பார்த்ததால், ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதை அவரால் தாங்க முடியாது.

அந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. எடை போட்டு முடித்ததும், எடைக்காரர் வீரையன் வெளியே எட்டிப் பார்த்து, நெல்லுக்குரியவர் பெயரை உரக்கக் கூப்பிடுவார். களத்தில் எங்கேயாவது நின்றுகொண்டிருக்கும் ஆள் “இருக்கேன்” என்று பதில் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் சீட்டுக் கிழிப்பார். பாயின் அப்பா காலத்தில் இரண்டு பேர் வண்டி மாறிப்போய், வெட்டுக்குத்து வரைக்கும் போனதில் வந்த ஏற்பாடாம்.

இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த கலைஞன் விழித்துக்கொண்டான். அவனைத் தூங்க விட்டிருக்கலாம். வீரையனை ஒரு மத்தியானம் உட்கார வைத்து, இரண்டு சோடா வாங்கிக் கொடுத்து, அறுநூற்றுப் பன்னிரண்டு விவசாயிகளின் பெயரையும் அவர் குரலிலேயே பதிவு செய்தேன். எடை முடிந்ததும் மென்பொருளே களத்து ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிடும். வீரையன் தொண்டையைத் தேய்க்க வேண்டியதில்லை. பாய்க்கு ரொம்பப் பிடித்துப்போனது. எங்கள் ஒப்பந்தத்தில் இல்லாத வேலையை நான் இலவசமாகச் செய்து கொடுத்தது என் தொழில் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அடுத்ததாகப் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பார், மூன்று ஆள் ஒரே பெயரில் இருப்பார்கள். இறந்தவர்கள் இருப்பார்கள். இறந்தவர் என்றால் கொள்முதல் பிரிவில் அவரை ‘நிறுத்தப்பட்டவர்’ என்று குறித்துவிட வேண்டும். அப்படி நான் குறித்த பதினேழு பேரில் ஒருவர் பெயர் தங்கையன். பக்கத்தில் மில் கிளார்க், ‘1999இல் காலமானார்’ என்று எழுதியிருந்தார். பன்னிரண்டு வருடம் முன்பு செத்த ஆளை இன்னுமா வைத்திருக்கிறார்கள் என்று அந்த கிளார்க்கிடம் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அவர் சிரிக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களின் கடைசி இரண்டு வருடக் கணக்கை மட்டும் புதிய சர்வரில் ஏற்றினேன்.

பயிற்சி நாளன்று, “இனிமே இந்த மில்லுல பேப்பரே இருக்காது” என்று முழங்கினேன். கைதட்டினார்கள். மறுநாளே பாய், எண்பத்து இரண்டில் இருந்து கிடந்த எடை நோட்டுகளை எல்லாம் பழைய பேப்பர் கடைக்கு ஏற்றி அனுப்பிவிட்டார். நான் சொன்னதை ஒருவர் உடனே செய்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

குறுவை நெல் வர ஆரம்பித்த ஒரு புதன்கிழமை புதிய முறைக்கு மாறினோம். காலை ஒன்பதுக்குப் பாயின் மாமனார் துஆ ஓதினார், வீரையன் எடைமேடைக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டு பக்கத்து ஆதரவும் கிடைத்த தைரியத்தில் நான் லேப்டாப்பைத் திறந்தேன். முதல் பத்து லோடு வெண்ணெய் மாதிரி போனது. ஒலிபெருக்கி கூப்பிட, களம் பதில் சொல்ல, குடோன் கணக்கு தானாக ஏற, பாய் தன் போனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பதினோராவதாக ஒரு டிராக்டர் வந்தது. ஐம்பது மூட்டை. கூட ஓர் அம்மாள் இறங்கினாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வீரையன் அவளைப் பார்த்தார், திரையில் பெயரைத் தேர்ந்தெடுத்தார், எடை விழுந்தது. ஒலிபெருக்கி வீரையன் குரலில் கூப்பிட்டது.

“தங்கையன்.”

களத்தில் ஒரு ஆண்குரல், கனமாக, நிதானமாகச் சொன்னது.

“இருக்கேன்.”

அதே நேரத்தில் என் திரையில் சிவப்புக் கட்டம் எழுந்தது. தங்கையன், நிறுத்தப்பட்டவர், காரணம் மரணம். கீழே, ‘நிறுத்தியவர்’ என்ற இடத்தில் என் பெயர்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். களத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவர் வாய் அசைந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. காலை பத்தே முக்கால். வெயில் மண்டையைப் பிளந்தது.

நடந்தது என்னவென்று தொழில்ரீதியாக எனக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. இறந்தவரைக் கொள்முதலில் நிறுத்தினேனே தவிர, எடைமேடைப் பட்டியலில் நிறுத்த மறந்துவிட்டேன். எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்த மென்பொருளில், இணைக்க மறந்த ஒரே இடம் அது. எடைமேடை நெல்லை வாங்கிக்கொண்டது, கொள்முதல் வாங்க மறுத்தது. இப்படி நடுவில் மாட்டிக்கொண்டால், மென்பொருள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானே மறுபடி முயற்சி செய்யும். அப்படி வடிவமைத்த மகானும் நான்தான். ஒவ்வொரு முயற்சியின்போதும் பெயரைக் கூப்பிடும் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

பத்து ஐம்பத்தைந்துக்கு ஒலிபெருக்கி மறுபடி கூப்பிட்டது. “தங்கையன்.” களத்தில் அதே குரல், இந்த முறை கொஞ்சம் இறங்கி, “இருக்கேன்” என்றது. பதினொன்று ஐந்துக்குக் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். மூட்டையை முதுகில் வைத்திருந்த ஒருவர் அப்படியே நின்றார், இறக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. வீரையன் என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவருடைய குரல் வெளியே போய்ச் செத்தவரைத் தேடிக்கொண்டிருந்தது.

“யாருண்ணே இந்தத் தங்கையன்?” என்றேன்.

வீரையன் அடுத்த அழைப்பு வந்து போன பிறகுதான் ஆரம்பித்தார். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். தங்கையன் ஒரு தர்ம டிரஸ்டின் நிலத்தில் ஐந்து மா, அதாவது ஒன்றே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக, குத்தகைக்குப் பயிர் செய்தவர். டிரஸ்டின் ஏஜெண்டுக்கு அந்த நிலத்தைக் காலி செய்து வேறு ஆளிடம் கொடுக்க ஆசை. தங்கையன் அசையவில்லை. தொண்ணூற்று ஒன்பதில் சம்பா அறுப்பு அன்று, நெல்லை மாட்டுவண்டியில் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசிக் கட்டுக்காக வயலில் நின்றவரை நாலு பேர் வந்து அடித்தார்கள். வாய்க்காலில் கிடந்தார். இங்கே மில்லில் விஷயம் தெரியாது. வீரையன் எடை போட்டுவிட்டு மூன்று முறை பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. பின்னால் வருகிறார் என்று வண்டிக்காரர் சொன்னார்.

“கேஸ் நடந்துச்சு சார். பாத்தவங்க ஏழெட்டுப் பேரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. எல்லாரும் அதே டிரஸ்டு நெலத்துல உழுவுறவங்க. தவறி வாய்க்கால்ல விழுந்துட்டாருன்னு முடிச்சுட்டாங்க. அடுத்த அறுப்புக்கு அவரு சம்சாரம் செவ்வந்தி நெல்லு கொண்டாந்துச்சு. பழக்கத்துல நான் அவரு பேரையே கூப்புட்டுட்டேன். நாக்கக் கடிச்சுக்கிட்டேன். அப்ப களத்துலேருந்து ஒரு குரலு, இருக்கேன்னுச்சு. அன்னையிலேருந்து இப்படித்தான். யாராச்சும் ஒருத்தரு சொல்லிடுவாங்க. பெரும்பாலும் கண்ணுசாமி அண்ணன்.”

கோர்ட்டில் வாய் திறக்காதவர்கள்தான் அந்த ஏழெட்டுப் பேரும். பன்னிரண்டு வருடமாக, இரண்டு போகத்துக்கும், செத்தவருக்குப் பதிலாக ஆஜராகிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முடிவுகட்டத்தான் சென்னையில் இருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார்.

அந்த நேரத்தில் செவ்வந்தியே எடை அறைக்குள் வந்தாள். கூப்பிடுவதைப் பற்றி அவள் கேட்கவில்லை. முதலாளியிடம் ஒரு காகிதம் கேட்டாள். பைபாஸ் வரப்போகிறது என்ற பேச்சில் நிலம் விலை ஏறிப்போக, மனை போட நினைத்த டிரஸ்ட், தங்கையன் செத்த பிறகு அவர் குடும்பம் பயிரே செய்யவில்லை, குத்தகை முடிந்துபோனது என்று சொல்லிவிட்டதாம். திங்கட்கிழமை குத்தகைப் பதிவுத் தாசில்தார் முன்னால் விசாரணை. பன்னிரண்டு வருடமும் அவள்தான் பயிர் செய்தாள் என்று காட்டினால் பதிவு அவள் பெயருக்கு மாறும். காட்டாவிட்டால் ஐந்து மாவும் போகும். அவளுக்கு வேறு நிலம் கிடையாது. சீட்டுகளை ஓட்டில் செருகி வைத்திருந்தாள். போன வருஷத்து மழையில் கூரை இறங்கிக் கூழாகிவிட்டன. ஆனால் மில் நோட்டில் எல்லாம் இருக்குமே, அதைப் பார்த்து எழுதிக் கொடுங்கள் என்றாள்.

பாய் என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். லேப்டாப்பில் தங்கையன் என்ற மனிதருக்கு ஒரு நெல்மணிகூட இல்லை. நான் ஏற்றவில்லை.

“அக்கா, அந்த நோட்டெல்லாம்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். என் வாய் ரொம்ப நீளம் என்று அம்மா சொல்வாள். அன்று அது குட்டையாகிவிட்டது.

பாயும் நானும் அவர் காரில் கூத்தாநல்லூருக்குப் பறந்தோம். கடைக்காரர் அஹமது கபீர் நல்ல மனிதர். குவியலைக் கிளறி அவரும் எங்களோடு தேடினார். தாள்களை எல்லாம் போன திங்கட்கிழமையே மொத்தமாக ஒரு லாரியில் ஏற்றிவிட்டாராம். நோட்டுகளின் அட்டைகள் மட்டும் தனியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் வருடம் அழகாக எழுதியிருந்தது. பாய் அந்த அட்டைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திரும்பி வரும்போது, “வித்தது நான்தான் தம்பி” என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் வந்து இறங்கியபோது மணி இரண்டு. ஒலிபெருக்கி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. களத்தில் பாதிப் பேர் நெல்லை அப்படியே விட்டுவிட்டுச் சாலையில் போய் நின்றிருந்தார்கள். என் போனிலும் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு எச்சரிக்கை வந்து, இருபது தங்கையன்கள் வரிசையாக நின்றார்கள். லாரி டிரைவர்கள், வெளியூர்க்காரர்கள், அவர்கள்கூட வண்டியை விட்டு இறங்கவில்லை. பாய் என்னிடம் முதல் வேலையாக அதை நிறுத்தச் சொன்னார். நான் ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கப் போனேன்.

டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்த செவ்வந்தி, எழுந்திருக்காமலே சொன்னாள்.

“இருக்கட்டும் தம்பி. கூப்புடட்டும்.”

“அக்கா, எல்லாரும் பயப்படுறாங்க.”

“பயப்படட்டுமே. அன்னிக்கும் கூப்புட்டாங்க, பதில் சொல்ல ஆளில்ல. பொறவு எல்லாரும் பதில் சொன்னாங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எம்பேர்ல போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவுங்க பேரு ஒரு எடத்துலயாச்சும் காதுல வுழட்டுமேன்னு விட்டுட்டேன். அதான் இன்னிக்கு என் நெலத்துக்கு வந்து நிக்கிது. இனிமே அது கூப்புடுறது என்னைய இல்ல, அன்னிக்குப் பாத்தவங்கள.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் களத்தில் எல்லாருக்கும் கேட்டது.

நான் ஒயரை விட்டுவிட்டேன். பாயிடம் போய், நிறுத்த முடியவில்லை என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. தானும் ஒயரைத் தொடப் போகவில்லை.

மூன்று மணி, மூன்றே கால். இரண்டு பேர் அழைப்பு வரும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெல்லை எடை போடாமலே போய்விட்டார். எங்கள் அப்பாவும் ஒரு காலத்தில் குத்தகைக்கு உழுதவர்தான். ஏஜெண்ட் ஒரு தடவை வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனதற்கே நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு என்னைப் படிக்க வைத்தார். அதைப் புத்திசாலித்தனம் என்றுதான் வீட்டில் பேசுவோம். அதனால் அந்தக் களத்தில் யாரையும் பார்த்து முகம் சுளிக்கிற தகுதி எனக்கு இல்லை. மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணி வாக்கில் ஒரு பெரியவர் எடை அறை வாசலில் வந்து நின்றார். உயரமான ஆள், தோளில் துண்டு. வாயைத் திறந்ததுமே காலையில் கேட்ட குரல் அதுதான் என்று தெரிந்துவிட்டது. கண்ணுசாமி. தங்கையன் நிலத்துக்கு அடுத்த வரப்பு அவருடையது. அவரும் அதே டிரஸ்டின் குத்தகைக்காரர்.

“இந்த மெஷினு என்ன சொன்னா நிக்கும்?” என்று கேட்டார்.

மென்பொருளின் தர்க்கத்தை அவருக்கு விளக்கினேன். அந்த நெல்லுக்கு உயிரோடு இருக்கிற ஒரு ஆளின் பெயர் வேண்டும், செவ்வந்தி பெயரில் போடலாம், அது இன்றைக்கு மட்டும்தான் உதவும், போன பன்னிரண்டு வருடத்துக்கு என்னிடம் ஒன்றும் இல்லை, நான்தான் தொலைத்தேன், இனி அதைச் சொல்ல மனுஷர்தான் வேண்டும். பேசப் பேச நான் சொல்வது மென்பொருளைப் பற்றியே இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒலிபெருக்கி கூப்பிட்டது. அது முடியும்வரை காத்திருந்தார்.

“திங்கக்கெழம எத்தன மணிக்கு?” என்றார்.

செவ்வந்தி எழுந்து வந்து, என்னைப் பார்த்து, போதும் என்று தலையசைத்தாள். அவள் பெயரில் புதிதாக ஒரு எண் போட்டேன். நெல் குடோனுக்கு ஏறியது.

திங்கட்கிழமை விசாரணைக்கு மில் சார்பில் என்னைத்தான் பாய் அனுப்பினார். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மாதத்தில் உத்தரவு வந்தது. ஐந்து மாவும் செவ்வந்தி பெயரில் பதிவாகியது. டிரஸ்ட் அப்பீல் போனது, அதிலும் தோற்றது. கண்ணுசாமிக்கும் அந்த மாதமே காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அன்று நடந்தது.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். நோட்டுகள் அழிந்ததற்கு நான்தான் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுத்தேன். டிரஸ்ட் வக்கீல், “இதுதான் உங்க நிறுவனம் கொடுக்கிற சேவையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய்யில்லை.

அடுத்தது கண்ணுசாமி. நடவு, களை, அறுப்பு என்று வருடம் வருடமாகச் சொன்னார். எந்த வருடம் மேட்டூர் திறக்கவில்லை, எந்த வருடம் செவ்வந்தி குறுவையை விட்டுச் சம்பா மட்டும் போட்டாள், எந்த வருடம் வெள்ளத்தில் நாற்று போய் இரண்டாம் தடவை நட்டாள். நான் வாங்கி வைத்த சர்வரில் இவ்வளவு கொள்ளாது. வக்கீல் குறுக்கிட்டார். மில்லுக்குப் போன நெல் இவளுடையது என்று உமக்கு எப்படித் தெரியும் என்றார்.

“நாந்தான் பதில் சொன்னேங்க. தங்கையன் பேருக்கு.”

“செத்துப்போன ஆள் பேருக்கு நீ எதுக்கய்யா பதில் சொன்ன?”

கண்ணுசாமி தாசில்தாரைப் பார்த்தார். பிறகு, சுவரோரம் நின்ற செவ்வந்தியைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரையும் விட்டுவிட்டு மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். கிழமை, நேரம், வந்தவர்கள் எந்தப் பக்கமாக வந்தார்கள், யார் கையில் என்ன இருந்தது. நாலு பெயர்களையும் சொன்னார். இது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்று வக்கீல் எழுந்தார். எழுதிக்கொண்டிருந்த கிளார்க் பேனாவை நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார். தாசில்தார் வக்கீலை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். பிறகு, “எழுதிக்குங்க” என்றார்.

“அவுங்க போன பொறவும் உசிரு இருந்துச்சுங்க. என்னப் பாத்துட்டாரு. தண்ணி கேட்டாரு. நான் ஓடிட்டேன்.”

செவ்வந்தி அழவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கணவர் கடைசியாக என்ன கேட்டார் என்பது பன்னிரண்டு வருடம் கழித்து, ஒரு தாலுகா ஆபீசில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில்தான் அவளுக்குத் தெரிந்தது.

வெளியே வந்து மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். கூட்டம் இல்லை. செவ்வந்தி முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பின்னால். கண்ணுசாமி படிக்குப் பக்கத்தில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று நான் சொன்னது கேட்காத மாதிரி இருந்தார். கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வழியெல்லாம் குறுவை அறுத்த வயல்களில் அடுத்த போகமான தாளடிக்குத் தண்ணீர் கட்டியிருந்தார்கள்.

பாதி வழியில் செவ்வந்தி திரும்பாமலே சொன்னாள்.

“உக்காருங்கண்ணே. எறங்குற வரைக்கும் நின்னுக்கிட்டேவா வருவீங்க.”

அவளுக்கு எதிர்ப்பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கம்பியில் இருந்து ஒரு கையை மட்டும் எடுத்தார்.